“ஆயா, நீ தெரியலையே!” – வீடியோ காலில் கேமரா மக்கர் செய்தால் முதலில் எங்கே பார்ப்பது?

புதுச்சேரி பக்கத்தில் பிரான்ஸ் நேரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிகள் உண்டு. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால், வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது இல்லை, மகளும் பேத்தியும் அங்கே இருப்பதால் தெரிந்துகொண்டது.

1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான் முடிந்தது. அந்த ஒப்பந்தத்தில், விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வழி இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’ வீடுகள், அந்த வீட்டுப் பிள்ளைகள், கல்யாணமாகிப் போன பெண்கள் என்று உறவு இன்றைக்கும் இரண்டு நாட்டிலும் பரவிக் கிடக்கிறது. முன்பெல்லாம் அந்த உறவைத் தாங்கியது ஏரோகிராம் கடிதம். பிறகு எஸ்.டி.டி. பூத். இப்போது ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்.

வில்லியனூர் தாண்டி சுத்துக்கேணியில் அப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் திரையில் ஆயாவுக்கு முகம் சரியாகத் தெரிவதில்லை. அதனால் காலேஜ் படிக்கும் பேரன் தன் லேப்டாப்பைத் திறந்து வைக்கிறான். மணி அடிக்கிறது. அந்தப் பக்கம் பேத்தி வருகிறாள். “ஆயா, நீ தெரியலையே! குரல் மட்டும்தான் கேக்குது.” ஆயா லேப்டாப்புக்கு இன்னும் கிட்டே போய் உட்காருகிறார். அப்போதும் கறுப்புதான். பேரன் லேப்டாப்பை அணைத்து மறுபடி போடுகிறான். மூடியைத் தட்டுகிறான். “கேமரா போச்சு அக்கா, டவுன்ல கொண்டுபோய்தான் காட்டணும்” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறான்.

பெரும்பாலும் இந்தத் தீர்ப்பு தப்பு. வீடியோ காலில் முகம் தெரியவில்லை என்று வருகிற புகார்களில், கேமரா உண்மையிலேயே செத்துப்போனது என்பது கடைசியில் சந்தேகிக்க வேண்டிய காரணம். லென்ஸுக்கும் பேத்தியின் கண்ணுக்கும் நடுவில் நாலைந்து கதவுகள் இருக்கின்றன. அதில் எது சாத்தியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மூலையில் இருக்கும் சின்னக் கட்டம்

கால் ஓடும்போது திரையின் ஒரு மூலையில் உங்கள் முகமே சின்னதாகத் தெரியும் அல்லவா? பலர் அதைக் கவனிப்பதே இல்லை, சிலர் தலை வாரிக்கொள்ள மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

அந்தக் கட்டத்தில் ஆயா தெளிவாகத் தெரிகிறார், பாரிஸில்தான் தெரியவில்லை என்றால் உங்கள் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இணையத்தில் கோளாறு, அல்லது அந்தப் பக்கத்து போனில் கோளாறு. கட்டத்திலேயே கறுப்பு என்றால்தான் கோளாறு உங்கள் வீட்டில் இருக்கிறது. அப்போதும் கேமராவைத் தட்டாதீர்கள். காலைத் துண்டித்துவிட்டு, விண்டோஸில் தானாகவே இருக்கும் ‘கேமரா’ ஆப்பைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘கேமரா’ என்று தேடினால் வரும். அதில் முகம் தெரிந்தால் கேமரா நலம், கால் பேசும் ஆப்பில்தான் ஏதோ தடை. அதிலும் தெரியாவிட்டால் கேமராவுக்குப் பக்கத்தில் தேட வேண்டும்.

இந்த இரண்டு பார்வையையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் செட்டிங்ஸுக்குள் புகுந்து கண்டதை மாற்றுகிறவர்கள்தான், கடைசியில் மைக்கையும் கெடுத்துக்கொண்டு குரலும் போய் நிற்கிறார்கள்.

பொட்டு ஒட்டிய கேமரா

கேமரா ஆப்பிலும் கறுப்பாக இருக்கிறது. ஆனால் லென்ஸுக்குப் பக்கத்தில் குட்டி விளக்கு எரிகிறது. இதைப் பார்த்ததும் பலர் பயந்துபோகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று அர்த்தம், அதன் கண்ணைத்தான் ஏதோ மறைத்திருக்கிறது.

இப்போது வரும் பல லேப்டாப்களில் லென்ஸுக்கு மேல் நகரும் மூடி ஒன்று இருக்கிறது. நகம் அளவுகூட இருக்காது. தூசு துடைக்கும்போது தானாக நகர்ந்துவிடும். சில மாடல்களில் லேப்டாப்பின் பக்கவாட்டில் சுவிட்ச் இருக்கும். இன்னும் சிலவற்றில் கீபோர்டின் மேல் வரிசையில் குறுக்குக் கோடு போட்ட கேமரா படத்துடன் ஒரு பட்டன் இருக்கும். வீட்டுக் குழந்தை ஒரு முறை அதை அழுத்திவிட்டால் அவ்வளவுதான், லேப்டாப்புக்குத் தனக்குக் கேமரா இருப்பதே மறந்துபோகும்.

நம் ஊர் வழக்கம் ஒன்றும் உண்டு. ‘கேமரா வழியா யாராவது பார்ப்பாங்க’ என்று லென்ஸ் மீது ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைப்பது. சிரிக்க வேண்டியதில்லை. 2016-ல் ஃபேஸ்புக்கின் மார்க் ஜுக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு படத்தில், பின்னால் மேஜையில் இருந்த லேப்டாப்பின் கேமரா மீது டேப் ஒட்டியிருந்ததை உலகமே கண்டுபிடித்தது. பொட்டு நல்ல பாதுகாப்புதான். ஆனால் எடுத்த பிறகு பசை லென்ஸில் தங்கிவிடும். ஆயாவின் முகம் பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல் பக்கம் போகாதீர்கள்.

விளக்கும் எரியவில்லை, திரையில் ஏதோ நீளமான பிழை எண் வருகிறது என்றால், அதன் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பாருங்கள். 4244 என்று முடிந்தால் கம்ப்யூட்டருக்குக் கேமரா கண்ணில் படவே இல்லை. மேலே சொன்ன மூடி, பட்டன், அல்லது வெளியில் செருகும் வெப்கேம் என்றால் வயர், இவற்றைப் பார்க்க வேண்டும். 4243 என்று முடிந்தால் கதை வேறு: வேறு ஏதோ ஒரு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு கேமரா, இரண்டு எஜமானர்கள்

பேரன் காலையில் ஆன்லைன் வகுப்புக்காக ஜூம் போட்டிருப்பான். வகுப்பு முடிந்ததும் ஜன்னலை மூடியிருப்பான், ஆப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மாலையில் வாட்ஸ்அப் வந்து கேமராவைக் கேட்டால் ‘ஆள் இருக்கு’ என்று திருப்பி அனுப்பிவிடும். விண்டோஸில் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு ஆப்புக்குத்தான் கேமரா. ஜூம், மீட், டீம்ஸ் எல்லாவற்றையும் முழுவதுமாக மூடிவிட்டு முயலுங்கள். எது பிடித்து வைத்திருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் ஒருமுறை ரீஸ்டார்ட். அணைத்து மறுபடி போடுவதைவிட ரீஸ்டார்ட் மேல். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பல லேப்டாப்கள் முழுசாகத் தூங்குவதில்லை. அரைத் தூக்கத்தில் இருந்து எழுந்து பழைய குழப்பத்தையே தொடரும்.

ஒரே கேமராவை இரண்டு ஆப்புக்குப் பகிர்ந்து கொடுக்க மைக்ரோசாஃப்டே ஒருமுறை முயன்று, உலகம் முழுக்கப் பலருடைய வெப்கேமை உறைய வைத்த கதை உண்டு. 2016 ஆகஸ்ட் 2-ம் தேதி விண்டோஸ் 10-க்கு ‘ஆனிவர்சரி அப்டேட்’ என்று ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. அதைப் போட்டவர்களில் பலருக்கு ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுபோனது. நேற்று வரை ஓடிய, பிரபல கம்பெனிகளின் நல்ல வெப்கேம்கள்.

என்ன நடந்தது? முழு ஹெச்.டி. படம் என்பது 1920-க்கு 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 124 மெகாபைட், அதாவது 1,000 மெகாபிட் வரும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 வயர் தாங்குவது அதிகபட்சம் 480 மெகாபிட்தான். அதனால் வெப்கேம்கள் படத்தைத் தாங்களே சுருக்கித்தான் அனுப்பும், மெத்தையைச் சுருட்டி பஸ்ஸில் ஏற்றுவது மாதிரி. புதிய அப்டேட், கேமராவுக்கும் ஆப்புக்கும் நடுவில் ஒரு பங்கீட்டாளரை உட்கார வைத்தது. இரண்டு ஆப் ஒரே நேரத்தில் கேட்டால் சுருட்டியதை இரண்டு முறை விரிக்க வேண்டியிருக்கும், கம்ப்யூட்டர் திணறும் என்று யோசித்து, சுருக்கிய படத்தையே வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். சுருக்கிய படத்தை எதிர்பார்த்திருந்த ஆப்கள் விழித்து நின்றன. மைக்ரோசாஃப்ட் பிரச்னையை ஒப்புக்கொண்டு, திருத்தம் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆகஸ்ட்டில் கேமராவைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தால் கடைக்காரராலும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே ‘நேற்று வரை நன்றாக இருந்தது’ என்று சொல்லும்போது, நேற்று இரவு அப்டேட் ஏதாவது ஓடியதா என்றும் பாருங்கள். ஓடியிருந்தால், டிவைஸ் மேனேஜருக்குள் ‘கேமராஸ்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் கேமராவின் பெயர் இருக்கும். அதன் ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘டிரைவர்’ பக்கம். ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பட்டன் மங்கலாக இல்லாமல் இருந்தால், அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். மங்கலாக இருந்தால் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்யலாம். விண்டோஸ் தானே மறுபடி கேமராவைக் கண்டுபிடித்து டிரைவரைப் போட்டுக்கொள்ளும். கூகுளில் ‘வெப்கேம் டிரைவர் ஃப்ரீ டவுன்லோட்’ என்று தேடி வரும் தளங்களில் எதையும் இறக்காதீர்கள். டிரைவரோடு வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். தேவைப்பட்டால் லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளம் மட்டும்.

“அனுமதி கேட்டுச்சு, வேணாம்னு போட்டுட்டேன்”

கேமரா ஆப்பில் முகம் தெரிகிறது, வேறு ஆப் எதுவும் பிடிக்கவில்லை, காலில் மட்டும் கறுப்பு. அப்படியானால் அனுமதி. முதல் முறை ஆப் திறந்தபோது ‘கேமராவைப் பயன்படுத்தலாமா?’ என்று கேட்டிருக்கும். என்னவோ ஏதோ என்று ‘நோ’ போட்டிருப்பார்கள். அதன்பிறகு ஆப் வாய் திறந்து கேட்காது.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அதற்குள் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘கேமரா’. மேலே ஒரு பொது சுவிட்ச், கீழே ஒவ்வொரு ஆப்புக்கும் தனி சுவிட்ச், இன்னும் கீழே ‘டெஸ்க்டாப் ஆப்ஸ்’ என்று ஒன்று. கடைசியில் இருப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கும் ‘வெப்கேம் பாதுகாப்பு’ என்று தனிப் பூட்டு இருக்கலாம்.

குரோம் போன்ற பிரவுசர் வழியாகப் பேசுகிறவர்களுக்கு, முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் குறியைத் தொட்டால் அந்தத் தளத்துக்கான கேமரா சுவிட்ச் வரும். மாற்றிய பிறகு பக்கத்தை ரீலோட் செய்ய வேண்டும்.

அனுமதியும் சரி என்றால், ஆப்பின் சொந்த செட்டிங்ஸில் ‘வீடியோ’ பகுதியைப் பாருங்கள். எந்தக் கேமரா என்று ஒரு பட்டியல் இருக்கும். வெளியில் செருகிய வெப்கேமை எடுத்துவிட்டிருப்பீர்கள், ஆப் இன்னும் அதையே தேடிக்கொண்டிருக்கும்.

பழைய லேப்டாப்பைத் தூசு தட்டி எடுத்து ‘ஸ்கைப் ஓட மாட்டேங்குது’ என்று போராடுகிற பெரியவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்கைப் 2025 மே 5-ம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. கேமரா மீது பழி இல்லை. துபாய், அபுதாபியில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்களில்தான் பேச வேண்டும்.

போனில் பச்சைப் புள்ளி

போனிலேயே பேசுகிறவர்களுக்கும் இதே தொல்லை வருகிறது. ஆண்ட்ராய்டு 12-ல் இருந்து, மேலிருந்து கீழே இழுக்கும் பட்டியலில் ‘கேமரா ஆக்சஸ்’ என்று ஒரு பட்டனைச் சேர்த்துக்கொள்ள முடியும். டார்ச் போட நினைத்து விரல் அதன் மேல் பட்டுவிட்டால், போனில் உள்ள எல்லா ஆப்புக்கும் கேமரா ஒரேயடியாக அடைபடும். டார்ச் பட்டனுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேமரா ஓடும்போது திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி வரும். பேசும்போது புள்ளியே வரவில்லை என்றால் ஆப் கேமராவைத் தொடவே இல்லை, அனுமதியைப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம் ரொம்பப் பேரைக் குழப்புகிறது. பல மாதங்கள் திறக்காமல் கிடக்கும் ஆப்புக்குக் கொடுத்த அனுமதியை ஆண்ட்ராய்டு தானாகவே திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 11-ல் வந்த வசதி இது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் குடும்பத்தோடு கூகுள் மீட்டில் கூடுகிற வீடுகளில், ஒவ்வொரு பண்டிகைக்கும் ‘போன தடவை வேலை செஞ்சுதே!’ என்று ஆச்சரியப்படுவதற்குக் காரணம் இதுதான். நல்ல நாளுக்கு முந்தின நாளே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ரீல்ஸ் ஓடுது, கால் ஓடலையே?

சின்னக் கட்டத்தில் ஆயா நன்றாகத் தெரிகிறார், பாரிஸில் மட்டும் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார். இது இணையம். குரல் போக மிகக் கொஞ்சம் டேட்டா போதும், படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பாதை குறுகும்போது ஆப்கள் குரலைக் காப்பாற்றிக்கொண்டு படத்தை முதலில் கைவிடும். ‘குரல் கேக்குது, முகம் தெரியல’ என்பதன் பொருள் பல நேரங்களில் இவ்வளவுதான்.

“யூடியூப் நல்லா ஓடுதே” என்பார்கள். யூடியூபில் படம் உங்களிடம் வருகிறது, வீடியோ காலில் உங்கள் படம் வெளியே போக வேண்டும். வருகிற பாதையும் போகிற பாதையும் ஒரே அகலம் கிடையாது. மொபைல் டேட்டாவில் போகிற பாதை குறுகல், அதுவும் டவரில் இருந்து தள்ளி, கான்கிரீட் சுவருக்கு உள்ளே உட்கார்ந்தால் இன்னும் குறுகல். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனை ஜன்னல் ஓரமாக வையுங்கள். அந்த நேரத்தில் போட்டோக்களை மேகத்துக்கு ஏற்றும் பேக்கப்பை நிறுத்துங்கள். ஞாயிறு மாலையில் வீடே ஒரே வைஃபையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயாவுக்கு என்ன மிஞ்சும்?

உட்காரும் இடமும் முக்கியம். திண்ணையில் காற்றோட்டமாக இருக்கும் என்று தெருவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள். பின்னால் வெயில் பளீரென்று அடிக்கும். கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப தன்னைச் சுருக்கிக்கொள்ளும், முகம் கரிக்கட்டை ஆகும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் போதும், பத்தாயிரம் ரூபாய் கேமரா வேண்டாம். இருட்டான அறையும் ஆகாது. வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்தையும் எடுக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அசைந்தால் முகம் இழுபடும், புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை ‘நெட் ஸ்லோ’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உலகின் முதல் வெப்கேம் 1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் வைக்கப்பட்டது. காபி ஜாடியில் காபி மிச்சம் இருக்கிறதா என்று எழுந்து போகாமலே பார்க்க! 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்குச் சில படங்கள்தான். அதை 2001 ஆகஸ்ட் 22-ம் தேதி அணைக்கும் வரை உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உதவிக்கு வருகிற குரல்

கேமரா வேலை செய்யாத பதற்றத்தில் சிலர் கூகுளில் ‘வாட்ஸ்அப் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுகிறார்கள். கோளாறிலேயே பெரிய கோளாறு இதுதான். இப்படி மேலே வந்து நிற்கும் எண்களில் பல மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவை. எடுத்ததும் அன்பாகப் பேசுவார்கள். “அம்மா, ஒரு ஆப் போடுங்க, நான் இங்கிருந்தே சரி பண்றேன்” என்பார்கள். அது தூரத்தில் இருந்து உங்கள் போனையோ லேப்டாப்பையோ இயக்கும் ஆப். எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் நியாயமான ஆப்கள்தான். அலுவலகங்களில் தினமும் பயன்படுகின்றன. அவை யார் கையில் போகின்றன என்பதுதான் கேள்வி. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் வழியாகப் பணம் பறிபோவது பற்றி வங்கிகளை எச்சரித்தது. இப்போது வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரும் வசதி 2023-ல் இருந்து இருப்பதால், தனி ஆப்கூட வேண்டாம். “ஸ்கிரீன் ஷேர் அழுத்துங்க” என்று சொல்லி, வரும் ஓ.டி.பி.யை உங்களோடு சேர்ந்து அவர்களும் படித்துவிடுவார்கள்.

கேமராவைச் சரிசெய்ய வங்கிக் கணக்கு தேவையில்லை, ஓ.டி.பி. தேவையில்லை, ஒரு ரூபாய் ‘பதிவுக் கட்டணமும்’ தேவையில்லை. உதவி வேண்டுமென்றால் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். திரையைப் பகிர்வதானாலும் பாரிஸ் அக்காவுக்கு, நீங்களே கூப்பிட்ட காலில், பகிருங்கள்.

“கேமராவை அணைக்கக் கூடாது, நகரக் கூடாது” என்று போலீஸ் உடுப்பில் ஒருவர் வீடியோ காலில் மிரட்டினால் அது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடி. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. 2024 அக்டோபர் 27-ம் தேதி ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமரே இதைப் பற்றிப் பேசினார். அந்தக் காலை மட்டும் தயங்காமல் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கடைக்குப் போவது என்றால்

எல்லாம் பார்த்தாயிற்று, டிவைஸ் மேனேஜரிலும் கேமராவின் பெயரே இல்லை. இப்போது லேப்டாப் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் வந்து இன்னொரு கோணத்தில் போனால், கீல் வழியாகப் போகும் மெல்லிய வயர் தேய்ந்திருக்கிறது. இது மெக்கானிக் வேலை. ஒரு சாதாரண வெப்கேம் என்ன விலை என்று விசாரித்துவிட்டு, ரிப்பேர் செலவையும் கேட்டு, எது லாபமோ அதைச் செய்யலாம். வெளியில் செருகும் வெப்கேம்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர்கூட வேண்டாம், செருகினால் ஓடும். ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். பாதிக் காலில் நின்றுபோவதற்கு மலிவான ஹப் ஒரு முக்கியக் காரணம்.

காசே செலவழிக்காமல் இன்னொரு வழியும் உண்டு. போனையே லேப்டாப்புக்கு வெப்கேமாக ஆக்கலாம். ஆண்ட்ராய்டு 14-ல் இருந்து சில போன்களில், யு.எஸ்.பி. வயரைச் செருகியதும் வரும் பட்டியலிலேயே ‘வெப்கேம்’ என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11-ல் ‘போன் லிங்க்’ இணைத்திருந்தால் வயர் இல்லாமலும் முடியும். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் இருந்தே இது உண்டு. போனின் பின்கேமரா பல லேப்டாப் கேமராக்களைவிட எவ்வளவோ தெளிவு. ஆயாவுக்குப் பெரிய திரையும் கிடைக்கும், பேத்திக்கு ஆயாவின் மூக்குத்தியும் தெரியும்.

கடையில் கொடுப்பது என்றால் ‘கேமரா ஓடலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேமரா ஆப்பில் தெரிகிறதா, விளக்கு எரிகிறதா, மூடியை அசைத்தால் மாறுகிறதா, எந்த நாளில் இருந்து என்று சொன்னால் விண்டோஸையே புதிதாகப் போட்டு பில் நீட்டுவதற்கு வாய்ப்பு குறையும். லேப்டாப்பைக் கொடுக்கும் முன், போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதியில் அந்த லேப்டாப்பை லாக் அவுட் செய்துவிடுங்கள். ரிப்பேர் முடிந்து வந்ததும், கடையை விட்டுக் கிளம்பும் முன், அங்கேயே ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். பாரிஸில் அப்போது மணி என்ன என்று மட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுக்கொண்டு.